மனசு சரியில்லாத நேரத்தில் சோகப் பாட்டு எதற்கு?

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 8

என் வீட்டுக்காரர் ஆபீஸில் திட்டு வாங்கி வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய சோகப் பாட்டாகப் போட்டுக் கேட்கிறார். வயிற்றுவலிக்காரர் மிளகாய் பஜ்ஜி தின்கிற மாதிரி இருக்கிறது. ஏற்கெனவே துக்கத்தில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் துக்கத்தை ஏன் தேடிப் போக வேண்டும்? இது பழகிப்போன பம்மாத்து என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு 10.50

பம்மாத்து என்றால் ஊரே பம்மாத்துதான்.

1988-ல் பத்தாவது பரீட்சை விடுமுறையில் கோவில்பட்டியில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். விடுமுறை முடிந்த பிறகும் சாயங்காலம் போய்வந்து, அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன்: வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டுக்கும் பதிகிறதற்கும் காசு கட்டினால், இரண்டு நாள் கழித்துக் கேசட் கைக்கு வரும். அந்தத் தாள்களை வாங்கி ஆணியில் குத்துவது என் வேலை. பாதிக்கு மேல் சோகம்தான். தலைப்பையும் அவர்களே எழுதி விடுவார்கள். ‘தத்துவம்’ என்று இருந்தால் ஆள் நாற்பதைத் தாண்டியவர், கடன் உண்டு. ‘காதல் தோல்வி’ என்று இருந்தால் மீசை இன்னும் முளைக்கவில்லை. ஒரு பெண்ணிடம் மணி என்ன என்றுகூடக் கேட்டிராத பையன்கள் காதல் தோல்விக்கு 90 நிமிடக் கேசட் கேட்பார்கள், 60 போதாது.

அந்தக் காலப் படங்களில் ஒரே மெட்டு இரண்டு தடவை வரும், முதலில் ஆடிப் பாடி, பின்பாதியில் மெதுவாக அழுதுகொண்டு. கேசட் அட்டையில் இரண்டாவதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சோகம்’ என்று போட்டிருக்கும். வாடிக்கையாளர் அந்த அடைப்புக்குறியை எழுத மறந்து நாங்கள் முதலாவதைப் பதிந்து கொடுத்துவிட்டால் சண்டைக்கு வருவார். சோகத்தைக் கேட்டவருக்கு மகிழ்ச்சி போய்ச் சேர்ந்ததற்காக நடந்த சண்டை. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை கேசட்டை மேஜைமேல் விட்டெறிந்தே விட்டார். பம்மாத்துக்கு இவ்வளவு கோபம் வருமா?

ஜூன் 9, காலை

உங்கள் மிளகாய் பஜ்ஜி உவமையை நக்கலாகச் சொன்னீர்கள், ஆனால் அது சரியான இடத்தில் போய் விழுந்திருக்கிறது. பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளர் மிளகாய் தின்று கண்ணீர் விடுவதையும் சோகத்தைத் தேடி ரசிப்பதையும் ஒரே குடும்பத்தில் வைத்து 2013-ல் எழுதியிருக்கிறார். உடம்பு ‘ஆபத்து’ என்று அலறுகிறது, மனசுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை என்று தெரிகிறது, உடம்பை ஏமாற்றிவிட்ட அந்தக் குஷிதான் ருசி என்பது அவர் கணக்கு.

வயிற்றுவலிக்காரர் ஏன் தின்கிறார் என்பதற்கு இதில் பதில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 11

மகளின் கீபோர்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தட்டினேன். நீங்களும் தட்டிப் பாருங்கள். ஸ ரி க ப த, ஐந்து சுரம். மோகன ராகம். கல்யாண வீடு, கோயில், பச்சைப் பசேல் என்று வயல், எல்லாம் வரும். இப்போது ‘க’, அதாவது காந்தாரம், அது ஒன்றை மட்டும் அரைக்கட்டை கீழே இறக்கி, மற்ற நான்கையும் தொடாமல் வாசியுங்கள். சிவரஞ்சனி. வீட்டில் யாரோ போய்விட்டார்கள்.

ஒரே ஒரு விரல். வெள்ளைக் கட்டையிலிருந்து பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு. ஆக, சோகம் அந்தச் சின்ன காந்தாரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். “சரி, பால் வாங்கிட்டு வாங்க” என்றாள்.

ஜூன் 12

மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மகளின் பாட்டு டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன், சிரித்துவிட்டார். “சுத்த தன்யாசியிலும் அதே சின்ன காந்தாரம்தான் சார், அதைக் கேட்டு அழுவீங்களா?” என்றார். பாடியும் காட்டினார். அழுகை வரவில்லை, எழுந்து நடக்கலாம் போல இருந்தது. கரஹரப்பிரியாவிலும் அதேதான் என்றார். என் விதி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

அதோடு விடாமல் முகாரிக்கு வந்தார். ‘சும்மா முகாரி பாடாதே’ என்று திட்டுகிற அளவுக்குப் பேர் கெட்ட ராகம். ஆனால் தியாகராஜர் சபரி பெற்ற பாக்கியத்தை என்னவென்று வர்ணிப்பேன் என்று வியந்து பாடிய கிருதி முகாரியில்தான் இருக்கிறதாம். ராமனின் ஆட்சித் திறமையைப் புகழ்கிற ‘காருபாரு’வும் அதே ராகம். அழுகிற இடமே இல்லை. “ராகத்துமேல பழியைப் போடாதீங்க, என்ன சேதியோட கேட்டுப் பழகினீங்களோ அதுதான் வருது” என்றார்.

அதற்கு என்னிடம் ஒரு சாட்சியும் உண்டு. 1984-ல் இந்திரா காந்தி இறந்தபோது எனக்குப் பதினோரு வயது. ரேடியோவில் பாட்டு நின்றுபோய் நாள் கணக்கில் வெறும் வாத்தியம் ஓடியது, இழுத்து இழுத்து, ஒரு மனுஷக் குரல் வார்த்தையில்லாமல் புலம்புவது போல. அது சாரங்கி என்பது ரொம்பப் பின்னால்தான் தெரியும். எங்கள் தாத்தா அதற்கப்புறம் எப்போது ரேடியோவில் அந்தச் சத்தம் வந்தாலும் “யாருடா போயிட்டா?” என்று கேட்பார். நானும் இன்றுவரை சாரங்கியைக் கேட்டால் செய்தி வாசிப்பவரை எதிர்பார்க்கிறேன். வாசிக்கிறவர் பாவம், வசந்தத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பார்.

ஷெனாய் இன்னும் வேடிக்கை. வடக்கே அது கல்யாண வாத்தியம், நமக்கு நாதஸ்வரம் மாதிரி. சுதந்திரம் வந்தபோது பிஸ்மில்லா கான் செங்கோட்டையில் வாசித்ததும் அதைத்தான். நம்முடைய பழைய படங்களில் ஷெனாய் ஒலித்தால் கட்டிலில் கிடப்பவர் பிழைக்க மாட்டார். வடநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்த எங்கள் தெருக்காரர் ஒருவர் முகூர்த்த நேரத்தில் ஷெனாயைக் கேட்டு முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார். சம்பந்தி வீட்டார் பெண்ணைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

ஜூன் 15, மதியம்

கொஞ்சம் கனமான சமாசாரம். பெர்லினில் தருஃபி, கோயல்ஷ் என்ற இரண்டு பேர் 772 பேரிடம் இணையம் வழியாகக் கேட்டு 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சோக இசை கேட்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பது கேள்வி. அதிகம் பேர் சொன்னது சோகம் இல்லை, பழசை நினைத்து ஏங்குகிற உணர்வு. சோகப் பாட்டுக்குப் பின்னால் நிஜ வாழ்க்கையில் எந்த விளைவும் வராது என்பதும் அதன் இன்பத்துக்குக் காரணங்களில் ஒன்றாக அதில் வருகிறது. இது ரோசினின் மிளகாயை ஒட்டி வருகிறது.

இதைப் படித்ததும் தமிழ் இலக்கியம் படித்த என் மச்சினன் தொல்காப்பியத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரிகிற உணர்ச்சி, அதில் இரண்டாவது அழுகை. அது பிறக்கிற இடம் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது இளிவு, சுற்றத்தையோ சுகத்தையோ பறிகொடுப்பது இழவு. அசைவுக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் சொல்கிற உரையைப் பாருங்கள்: முன்பிருந்த நிலைமை கெட்டு வேறு மாதிரி ஆகி வருந்துவது. 772 பேர் சொன்னது இதைத்தானே? இழவு வேறு, அசைவு வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். என் கடைக்கு வந்த ‘தத்துவம்’ கோஷ்டி முழுக்க அசைவு. மீசை முளைக்காத கோஷ்டி எதில் வரும் என்று மச்சினனைக் கேட்டேன். “போகம் துய்க்கப் பெறாத பற்றுள்ளம், அதாவது வறுமை” என்றான். உரையாசிரியர்கள் நம் கடைக்கு வந்து போயிருக்க வேண்டும்.

ஜூன் 15, இரவு

உங்கள் வீட்டுக்காரருக்கு நடந்தது இளிவு, ஆபீஸில் திட்டு. அதற்கு ஏன் காதல் தோல்விப் பாட்டு என்று கேட்டால், ஆபீஸில் திட்டு வாங்கியதற்கு யாரும் பாட்டு எழுதவில்லை. இருக்கிற சட்டையைத்தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் 19

லாரிக்காரர் கதையை எழுதாமல் விட்டுவிட்டேன். தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றிப் போகிறவர், ராத்திரி ஓட்டம். 60 நிமிடக் கேசட்டைக் கொடுத்து ஒரே ஒரு பாட்டை இரண்டு பக்கமும் நிரப்பச் சொன்னார். என்ன பாட்டு என்பது வேண்டாம், நாலரை நிமிடம், அழ வைக்கிற பாட்டு. பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறு தடவை முழுசாக ஏறும், ஏழாவது முதல் சரணம் முடிந்து இரண்டாவது தொடங்குகிற இடத்தில் அறுந்துவிடும். அறுந்ததை அழித்துத் தரவா என்று கேட்டேன். “வேண்டாம், அது அறுந்தாத்தான் கேசட்டைத் திருப்பணும்னு எனக்குத் தெரியும்” என்றார்.

தூங்காமல் இருக்கத்தான் அந்தப் பாட்டாம். ஆட்டம் போடுகிற பாட்டுப் போட்டால் கண் சொருகுகிறது, இதைப் போட்டால் நெஞ்சு முழித்துக்கொள்கிறது என்றார். அப்போது சிரித்தேன்.

இப்போது எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. அவருக்கு என்ன துக்கம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் என்னவாக இருந்தாலும் அதற்கு நீளம் கிடையாது. எங்கே தொடங்கியது, எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. பாட்டுக்கு நீளம் உண்டு. பல்லவி உண்டு, அழுகை உச்சிக்குப் போகிற இடம் உண்டு, அங்கிருந்து பத்திரமாகப் பல்லவிக்கு இறக்கிவிடுகிற இடம் உண்டு. நாலரை நிமிடத்தில் யாரோ நம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், திரும்ப வீட்டு வாசலில் விட்டுவிடுகிறார்கள். சோகத்துக்காக நாம் கேட்பதாகத் தெரியவில்லை. அது முடிகிறது, அதற்காகக் கேட்கிறோம்.

இதுதான் என் கட்சி. இரண்டு வாரமாக எழுதி இப்போதுதான் கண்டுபிடித்தேன்.

ஜூன் 20

‘முடிகிறதற்காகக் கேட்கிறவர் ஏன் அதையே பதின்மூன்று தடவை கேட்டார்’ என்று மச்சினன் கேட்கிறான். பதின்மூன்று இல்லை, பக்கத்துக்கு ஆறரை என்று திருத்தினேன். அதுவும் பதின்மூன்றுதான் என்றான்.

ஜூன் 27

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் கட்சிக்கு நானே எதிர்சாட்சி.

2021-ல் அப்பா போனார். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் என்னால் ஒரு சோகப் பாட்டும் கேட்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கேட்டவன், கேசட்டுக் கடையில் வளர்ந்தவன், டீக்கடையில் ஒரு வயலின் இழுப்பு ஆரம்பித்தால் டீயை வைத்துவிட்டு எழுந்து போவேன். கேட்க முடிந்ததெல்லாம் கிரிக்கெட் வர்ணனையும் மிக்ஸி சத்தமும்தான். முடிகிற சோகம் மருந்து என்றால் அப்போதுதானே அது எனக்கு வேலை செய்திருக்க வேண்டும்? கடன் வாங்கிய துக்கத்தைத்தான் பாட்டில் ரசிக்க முடியும் போலிருக்கிறது. சொந்தத் துக்கம் வந்து உட்கார்ந்தால் பாட்டுக்கு வீட்டில் இடம் இல்லை.

ஆனால் அதே இழவு வீட்டில்தான் அதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. அத்தை வந்தாள், அப்பாவின் தங்கை, எழுபது வயது. தெருமுனையிலிருந்தே குரல் எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே இருந்த பெண்கள் எழுந்து போய் அவள் தோளைக் கட்டி வட்டமாக உட்கார்ந்தார்கள். அத்தை ஒரு அடி எடுப்பாள், இழுப்பாள், மற்றவர்கள் மூச்சை ஒன்றாகச் சேர்த்து முடிப்பார்கள். முதலில் அண்ணனின் பெருமை. அப்புறம் தன் தாய், அப்புறம் வாழாமல் வந்த தன் மகள். மெதுவாக, மெட்டுப் பிசகாமல், கிணற்றுப் பங்குக்கு வந்தாள். 1996-ல் பெரியப்பா யாரையும் கேட்காமல் விற்ற கிணற்றுப் பங்கு. வருடம் உட்பட பாட்டில் வந்தது. செத்துக் கிடக்கும் சின்னண்ணனிடம் பெரியண்ணனைப் பற்றிப் புகார். பெரியப்பா பந்தலில் நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் திறக்க முடியாது, ஒப்பாரிக்கு மறுப்பு சொல்கிற வழக்கம் கிடையாது. அவள் எங்கள் அப்பாவுக்காக அழுதாளா, கிணற்றுக்காகவா என்றால், வட்டத்தில் இருந்த ஒவ்வொருத்தியும் அவரவர் கிணற்றுக்காகத்தான் அழுதார்கள். எல்லாருக்கும் ஒரே மெட்டு. அரை மணி நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, காப்பி கேட்டார்கள்.

நான் அந்த வட்டத்துக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். ஆண்பிள்ளை. எனக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 28

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஆண்களுக்கும் உண்டு, மெட்டு வேறு. பாடை போகும்போது பறைக்கு ஆடுகிறார்களே, வடசென்னையில் மரண கானா பாடுகிறார்களே, அதெல்லாம் என்ன? வார்த்தையைக் கேட்டால் தொண்டை அடைக்கும், தாளத்தைக் கேட்டால் கால் ஆடும். மெதுவாக இருந்தால்தான் சோகம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை மரண கானா கேட்டுப் பாருங்கள். நான்தான் ஆடவில்லை. படித்தவன் என்ற பவிசு.

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாட்டு ஒன்று உண்டு, 194-வது. ஒரு வீட்டில் சாவுக்கு நெய்தல் பறை, ஒரு வீட்டில் மணமுழவு. இரண்டையும் ஒரே தெருவில் கேட்டவர்.

ஜூலை 3

கேள்வி கேட்டவருக்கு, நேரடியாக. ஜெருசலேமில் செய்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு நோய் உள்ளவர்களைக் கேட்கச் சொன்னபோது அவர்கள் சோக இசையையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். தங்களை இன்னும் சோகமாக்கிக்கொள்ள விரும்புகிறார்கள் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள், நீங்கள் சொல்வது போல. பிறகு அமெரிக்காவில் தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் வேறொரு குழு அதையே திரும்பச் செய்து, ஏன் என்றும் கேட்டது. அந்த இசை அமைதியாக இருக்கிறது, ஆசுவாசமாக இருக்கிறது என்பதுதான் கிடைத்த பதில். சோர்ந்து கிடக்கிற ஆளைக் கூத்துப் பாட்டு பிடித்து உலுக்குகிறது. சோகப் பாட்டு பக்கத்தில் வந்து சும்மா உட்காருகிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கு அன்று தேவைப்பட்டது சோகமாக இருக்காது, சத்தம் குறைந்த ஏதோ ஒன்று. அரை மணியில் கதவு திறந்தால் விட்டுவிடுங்கள். நாள் கணக்கில் திறக்கவில்லை என்றால் பாட்டைக் குறை சொல்லாமல் ஒரு டாக்டரைப் பாருங்கள். இது என் அனுபவத்திலிருந்து சொல்வது, 2021-ல் எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, மிக்ஸி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14

ஊருக்குப் போயிருந்தேன். அத்தை போன வருடம் போய்விட்டாள், அந்த மெட்டு தெரிந்தவர்களில் மிச்சம் அம்மாதான். போனில் பதிந்துகொள்ளலாம் என்று சமையலறையில் போய் நின்று பாடச் சொன்னேன். கரண்டியை ஓங்கினாள். “கூறு கெட்டவனே, நல்லா இருக்கிற வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்லுதியே!”

சும்மா இருக்கிற வீட்டில் பாடக் கூடாது. எனக்கும் தெரியும், மறந்துவிட்டேன். இழவு வீட்டில் ஊரே கேட்கப் பாடியதை நல்ல நாளில் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். சோகத்தைச் சும்மா ரசிப்பது என்பதே அதில் இல்லை. அத்தையின் அரை மணி நேரத்தையும் என் நாலரை நிமிடத்தையும் ஒரே தராசில் வைத்திருந்தேன், ஜூன் 27-ல் எழுதியதில் அந்தப் பகுதி தப்பு.

சாயங்காலம் மனசு இறங்கி, வீட்டை விட்டு வெளியே வந்து ஓடைப் பக்கம் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு இரண்டு அடி பாடினாள். மூன்றாவதில் அப்பா பேர் வருகிற இடம், நிறுத்திவிட்டாள். போனில் பதிந்திருப்பது நாற்பது வினாடி, அப்புறம் ஒரு மயில் சத்தம்.

திரும்பி வந்து வாசலில் இரண்டு பேரும் கால் கழுவினோம். உள்ளே போனதும் அம்மா அடுப்பைப் பற்றவைத்து, ரேடியோவைப் போட்டாள். டி.எம்.எஸ். உருகிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னாள். இது மட்டும் வீட்டுக்குள் கேட்கலாமா என்று கேட்டேன்.

“இது பாட்டுதானலே” என்றாள்.